பழகிடும் என்பார்கள், நம்பாதீர்கள்: குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராகவோ புறத்தொடர்புப் பணியாளராகவோ சேர்ந்திருக்கிறீர்களா? குழந்தைகள் உதவி எண் 1098-இல் போன் எடுக்கிறீர்களா? குழந்தைகள் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநரா, போக்சோ வழக்கில் குழந்தையோடு கோர்ட்டுக்குப் போகும் ஆதரவு நபரா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள், அதன் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்துவது, குழந்தையின் வீடு, சூழல் பற்றி விசாரித்து 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை கொடுப்பது, எந்தப் படிவத்தில் எதை நிரப்புவது, இதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதற்குப் படிவம் கிடையாது. சீனியரைக் கேட்டால் "போகப் போகப் பழகிடும்மா" என்பார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

பழகத்தான் செய்யும். எனக்குப் பயமே அதுதான். பழகிப்போனவர் குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போது போனைப் பார்ப்பார். "இந்த ஏரியா ஜனங்களே இப்படித்தான்" என்று ஒரே வரியில் ஃபைலை மூடுவார். நாம் அவரைப் பார்த்து, எவ்வளவு பக்குவம், எதற்கும் அசர மாட்டேன் என்கிறாரே என்று வியப்போம். மரத்துப்போனவரும் பக்குவப்பட்டவரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவருமே அழ மாட்டார்கள், பதற மாட்டார்கள். கிட்டே போய் ஒரு கேஸைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். உங்களுக்குள் எது நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தொகுப்பூதியத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி தரும் இடத்தில் இருக்கிறேன். அந்த அனுபவம்தான் இதற்கு ஆதாரம். டாக்டர் இல்லை.

முதலில், அலுப்பா அதிர்ச்சியா?

இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஆனால் மருந்து வேறு.

அலுப்பு வேலையின் அளவால் வருவது. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு ஒன்றியம், மாதக் கடைசியில் அறிக்கை, ரிவ்யூ மீட்டிங்குக்கு எக்செல் ஷீட், வண்டி இல்லாமல் டவுன் பஸ்ஸில் மலையடிவாரம் வரை போய்த் திரும்புவது, ஒப்பந்தம் நீட்டிப்பார்களா என்ற கவலை. நான்கு நாள் லீவு போட்டு அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்தால் இது பாதியாவது குறையும்.

அதிர்ச்சி அப்படி இல்லை. அது அளவால் வருவதில்லை, ஒரு குழந்தை சொன்ன ஒரு வாக்கியத்தால் வரும். அல்லது ஒரு பொருளால். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணால் ரொம்ப நாளைக்கு ஆரஞ்சு மிட்டாயைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று சொல்லப் போவதில்லை. நீங்களும் அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. லீவு போட்டாலும் இது கூடவே வரும், அம்மா வீட்டுக் கடைத்தெருவிலும் ஆரஞ்சு மிட்டாய் விற்கிறார்கள்.

"உனக்கா நடந்தது? கேட்டதுக்கே இப்படியா?" என்று யாராவது கேட்டால் பதில் வைத்துக்கொள்ளுங்கள். லிசா மெக்கான், லாரி ஆன் பேர்ல்மேன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பிறருடைய கொடுமையைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு உலகத்தின் மேலிருக்கும் நம்பிக்கையே இடம் மாறுகிறது என்றார்கள். எது பாதுகாப்பு, யாரை நம்பலாம் என்பதெல்லாம் குலைகிறது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் கையேடு, வேலையின் காரணமாகக் கொடுமையின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டது. அதில் தரப்பட்டிருக்கும் உதாரணங்களில் ஒன்று குழந்தை வன்கொடுமை விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் போலீஸ்காரர்கள்தான். நாம் அதே ஸ்டேஷனில், அதே மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள்.

எப்படித் தெரியும்? அழுகையை வைத்துப் பார்க்காதீர்கள், அழுகிறவர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பார். வேறு இடங்களில் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினால் உங்கள் உடம்பு விறைக்கிறதா? சொந்த மாமனாரிடம் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போக மனம் வரவில்லையா? பள்ளி வேன் டிரைவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்த பிறகும் ஐந்தாவது ஆளைத் தேடுகிறீர்களா? ஒரு குறிப்பிட்ட ஊர்ப் பெயர் போட்ட பஸ் வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா? முந்தின அறிக்கையை காப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறீர்களா? கடைசியாகச் சொன்னதைச் சோம்பல் என்று நினைப்பார்கள். பல நேரம் அது அந்தக் குழந்தையின் கதைக்குள் மறுபடி போகப் பயம்.

எண்ணாகப் பார்க்க விரும்பினால் 'ப்ரோக்வால்' (ProQOL) என்று ஒரு கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 30 கேள்வி, கடந்த 30 நாளை நினைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். வேலையில் கிடைக்கும் நிறைவு, அலுப்பு, இரண்டாம்நிலை அதிர்ச்சி என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டு, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது நோய்ச் சான்றிதழ் இல்லை. அலுவலகத்தில் யாரிடமும் காட்டவும் வேண்டாம்.

உள்ளே போகும் அளவைக் குறையுங்கள்

இதில்தான் நம் கையில் நிறைய இருக்கிறது. ஆனால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

எல்லா விவரமும் நமக்குத் தேவையில்லை. எஃப்.ஐ.ஆரும் வாக்குமூலமும் கைக்கு வந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கத்தான் கை போகும். படிக்கும் முன், எனக்கு இதிலிருந்து என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். குழந்தையின் வயதுச் சான்று, இப்போது எங்கே இருக்கிறது, வீட்டில் யார் யார், குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டிலா, மருத்துவம் முடிந்ததா, பள்ளி. இவை கிடைத்ததும் மூடிவிடுங்கள். நடந்ததை முழுசாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் குழந்தைக்குத் துரோகம் செய்கிறோம் என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. குழந்தையிடமும் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள் என்றுதானே நமக்குச் சொல்கிறார்கள்? குழந்தைக்கு நல்லது எதுவோ அது இங்கே நமக்கும் நல்லது.

படுக்கையில் ஃபைல் படிக்காதீர்கள், போனில்கூட. படிக்கும் இடம் அலுவலக நாற்காலியாக மட்டும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் படங்களைப் போட்டுவிடுவார்கள். ரெஸ்க்யூ செய்த குழந்தை, காயம், வீடு. அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மனசு தாங்கவில்லை என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் சட்டத்தைச் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74, போக்சோ பிரிவு 23, இரண்டுமே குழந்தையின் அடையாளத்தைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. "சார், செக்ஷன் 74 பிரச்சினை வரும், ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிடுங்க" என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பார்த்தே ஆக வேண்டிய வீடியோ என்றால் திரையைச் சின்னதாக்கி, சத்தத்தை அணைத்து, பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பாருங்கள். சத்தம்தான் மனசில் நிற்கும்.

இனி ஜீப். திரும்பி வரும்போது வண்டியில் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் இன்றைக்குப் பார்த்ததைச் சொல்வார். அடுத்தவர் "இதெல்லாம் என்ன, போன வருஷம் ஒரு கேஸ்..." என்று ஆரம்பிப்பார். வண்டி அலுவலகத்துக்கு வருவதற்குள் நீங்கள் பார்க்காத நான்கு கொடுமைகள் உங்கள் தலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். டிரைவர் அண்ணனையும் நினைத்துப் பாருங்கள், அவருக்குப் பயிற்சியும் இல்லை, பதவிப் பெயரும் இல்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கிறார். எங்கள் குழுவில் நாங்களே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். சொல்வதற்கு முன் "ஒரு விஷயம் சொல்லணும், கேக்கற நிலையில இருக்கியா?" என்று கேட்க வேண்டும். சரி என்றால், என் மனசை என்ன செய்தது என்பதைச் சொல்லலாம். உடம்பில் எங்கே என்ன நடந்தது என்ற விவரம் வேண்டாம். முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் கேலி செய்தவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

முகூர்த்த நாளும் சாபமும்

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். தை, வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி போன் ஓயாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது 2006-இல், தடுப்பு அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலர். ஆனால் விடியற்காலை மண்டபத்தில் போய் நிற்பது ஊர்நல அலுவலர், வி.ஏ.ஓ., போலீஸ், நாம் என்று ஒரு கூட்டம்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் பெண். தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது போனோம். ஜோடனை பாதி முடிந்திருந்தது, ஒரு பக்கக் காதில் மட்டும் மாட்டல். பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருந்த பிறந்த தேதியை மாப்பிள்ளை வீட்டாரிடம் படித்துக் காட்டியதும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதுவரை பேசாமல் நின்ற பெண்ணின் அம்மா மண்டபத்து வாசலுக்கு வந்து, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி என் பக்கம் பார்த்துத் தூற்றினார். "எம் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தியே, உம் புள்ள நல்லாருக்குமா?" மண் என் புடவைக் கொசுவத்தில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் மேடம் என் தோளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்.

பயிற்சிப் புத்தகத்தில் எதிர்ப்பைச் சமாளிப்பது என்று ஒரு பாடம் இருக்கும். சாபத்தைச் சமாளிக்கப் பாடம் இல்லை. நான் பகுத்தறிவு பேசும் வீட்டில் வளர்ந்தவள். இருந்தும் அந்த வாரம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மண்தான் ஞாபகத்துக்கு வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லியிருக்காவிட்டால் இன்னொரு காய்ச்சலுக்கும் அதுவே ஞாபகம் வந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கு எத்தனை பேர் மண்ணள்ளிப் போட்டிருக்காங்க, அதுல ஒரு ஏக்கர் தேறும். அந்தம்மா திட்டினது உன்னை இல்லடி, கழுத்துல தொங்குதே கார்டு, அதை." இந்த இரண்டு வரி எனக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைக்கவில்லை. யாராவது சாபம் விட்டால், மிரட்டினால், காறித் துப்பினால், அதே நாளில் அதை இன்னொருவர் காதில் போட்டுவிடுங்கள். நான்கைந்து நாள் வைத்திருந்தால் நமக்கே அது நியாயமாகப் படத் தொடங்கும்.

அந்தப் பெண்ணுக்கும் என் மேல் கோபம்தான். மீட்ட குழந்தைகளை முதலில் தங்க வைக்கும் வரவேற்பு இல்லத்துக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய், பெயர் எழுதி, துணி வாங்கிக்கொண்ட பிறகு கேட்ட முதல் கேள்வி: "மேடம், பயாலஜி ரெக்கார்டு நோட்டு வீட்ல இருக்கு. பிராக்டிகலுக்குள்ள கையெழுத்து வாங்கணும். எடுத்துட்டு வந்து தர முடியுமா?" அதே வீட்டுக்கு, அதே அம்மாவிடம், நோட்டுக்காக இன்னொரு முறை போனேன்.

அந்த இரண்டாவது முறைதான் நான் அவரிடம் கேட்டேன், ஏன்மா இவ்வளவு அவசரம் என்று. புருஷனும் பொண்டாட்டியும் கர்நாடகாவில் செங்கல் சூளைக்குப் போகிறார்கள். ஆறு மாதம். பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, கூட்டிப் போனால் படிப்பும் போச்சு, சூளையில் அதைவிடப் பயம். பாட்டி செத்துப்போய்விட்டார். "நீயே சொல்லு, உன் பொண்ணா இருந்தா எங்க விடுவ?" என்றார். விடுதி இருக்கிறது, மாதாமாதம் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது என்று நான் சொன்னேன். நோட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவெல்லாம் இல்லை.

பழகிப்போனவருக்கும் பக்குவப்பட்டவருக்கும் கிட்டே போனால் வித்தியாசம் தெரியும் என்றேனே, அது இங்கேதான். முதலாமவர் "படிப்பறிவில்லாத ஜனங்க" என்று முடித்துவிடுவார். இரண்டாமவருக்கு அந்த அம்மாவின் கணக்கு முழுவதும் புரியும், ஆனாலும் கல்யாணத்தை நிறுத்துவார். ஏன் என்று கேட்க இன்னும் தோன்றுகிறதா? அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கத் தோன்றாத மாதம் வந்தால் லீவு எழுதிக் கொடுங்கள்.

வளர்ச்சி என்கிறார்களே, அது என்ன?

ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹவுன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990-களின் நடுவில் இதைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். பெரிய அடி வாங்கியவர்களில் சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிற்காமல் வேறு விதமாக மாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். 21 கேள்வி வைத்து ஐந்து பக்கமாகப் பிரித்தார்கள்: மனிதர்களோடு நெருக்கம், புதிய வழிகள், தன் பலத்தை உணர்வது, வாழ்க்கையை மதிப்பது, ஆன்மிகம். பிறகு 2007-இல் கொலம்பியாவில் அரசியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை பார்த்த சிகிச்சையாளர்களை வைத்து இன்னொரு குழு எழுதியது: பாதிக்கப்பட்டவர் மீண்டு வருவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும் அந்தத் தெம்பு ஒட்டிக்கொள்கிறதாம். வலி தொற்றுவது போல அதுவும் தொற்றும்.

இதில் ஒன்றை மனசில் வையுங்கள். வளர்ச்சி வந்தால் வலி போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே வாரத்தில் இருக்கும். மேலதிகாரிகளுக்கு இந்த 'வளர்ச்சி' ரொம்பப் பிடிக்கும். "இந்த வேலை உங்களை எவ்வளவு பக்குவப்படுத்துது பாருங்க" என்று மேடையில் பேசிவிட்டு, களத்துக்கு வண்டி கேட்டால் கொடுக்க மாட்டார்கள். நமக்குக் கிடைக்கும் பக்குவம் நம்முடையது, அலுவலகம் தர வேண்டியதற்கு அது ஈடு கிடையாது. யாராவது அப்படிக் கணக்குப் போட்டால் எழுந்து கேளுங்கள்.

அது தானாகவும் வராது. எனக்குத் தெரிந்து உதவும் வேலை ஒன்று உண்டு. சமூக விசாரணை அறிக்கையில் பழக்கவழக்கம், ஆர்வம் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் "இல்லை" அல்லது "டி.வி. பார்ப்பது" என்று போட்டுவிடுவோம். அங்கே நேரம் செலவழியுங்கள். அந்தக் குழந்தை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்தது என்று தேடிப் பிடித்து ஒரு வரி எழுதுங்கள். தம்பியை ராத்திரியில் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தது. டீச்சரிடம் சொல்ல மூன்று வகுப்பு மாறும் வரை காத்திருந்தது. பிராக்டிகல் நோட்டு கேட்டது. நலக் குழு உறுப்பினர்களுக்கு அந்த வரி உதவும். கூடவே, கொடுமையை மட்டும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும் உங்களுக்கு அந்தக் குழந்தையின் கெட்டிக்காரத்தனத்தையும் கொஞ்சம் எடுத்துப் போக முடியும். நான் பயிற்சியில் இதை மட்டும் கட்டாயப்படுத்துகிறேன், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

ஆன்மிகத்தைப் பற்றிக் கேட்பார்கள். இந்த வேலைக்கு வந்து சாமியை விட்டவர்களையும் தெரியும், புதிதாக வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்குப் போக ஆரம்பித்தவர்களையும் தெரியும். இரண்டு பேருமே நன்றாக வேலை பார்க்கிறார்கள்.

உடம்பு, வீடு

களத்துக்குப் போகும் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம், வழியில் போக இடமில்லை என்று. மதியம் சாப்பாடு ஒரு டீ, ஒரு வர்க்கி. இதோடு ஒரு வன்கொடுமை கேஸையும் பார்த்துவிட்டு வந்து, மனசு சரியில்லை என்போம். மனசுக்கு முன்னால் உடம்பைக் கேளுங்கள். கிளம்பும்போதே வழியில் எந்த பி.டி.ஓ. அலுவலகம், எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். எங்கள் புதுப் பிள்ளைகளுக்கு நான் ஊர் வரைபடத்தோடு இந்தப் பட்டியலையும் கொடுக்கிறேன்.

இழவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தானே வீட்டுக்குள் வருவோம், அதுபோல வேலை முடிந்தது என்று உடம்புக்குத் தெரியும்படி ஏதாவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பதோ, புடவை மாற்றுவதோ, அடையாள அட்டையைக் கழற்றி ஒரே ஆணியில் மாட்டுவதோ. தீட்டுக் கழிப்பதாக மட்டும் அதை நினைக்க வேண்டாம். குழந்தை தீட்டு இல்லை.

வீட்டில் உள்ளவர்களிடம் விவரம் சொல்ல முடியாது, சட்டமும் விடாது. ஆனால் எதுவும் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவர்கள் தங்கள் மேல்தான் கோபம் என்று நினைப்பார்கள். "இன்னைக்குக் கஷ்டமான நாள். விவரம் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் விட்டுடுங்க, அப்புறம் வந்து பேசறேன்." இதையே எல்லா நாளும் சொன்னாலும் பரவாயில்லை. சொன்னபடி ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும், அது முக்கியம். உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பான தொடுதல் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தால் கேஸ் பார்த்துவிட்டு வந்த ராத்திரியில் உட்கார வைத்துச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், தலை பின்னும்போது சொல்லுங்கள்.

சிறு வயதில் உங்களுக்கே நடந்திருந்தால்? இந்த வேலைக்கு வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அது தகுதிக் குறைவு ஆகாது. உங்கள் கதையைப் போலவே ஒரு ஃபைல் வந்தால் "இதை வேறு யாராவது பார்க்கட்டும், நான் அவருடையதை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அலுவலகத்திடம் எதைக் கேட்பது

வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும், எழுதிக் கொடுங்கள். வீட்டு விசாரணைக்கு இரண்டு பேராகப் போவது. ராத்திரி ரெஸ்க்யூவுக்குப் போனவருக்கு மறுநாள் காலை ஓய்வு. குழந்தை இறந்த கேஸைப் பார்த்தவருக்கு அடுத்த கொஞ்ச நாள் அதே மாதிரி கேஸ் தராமல் இருப்பது. இந்த மூன்றுக்கும் பணம் தேவையில்லை, ஆகவே நிதி இல்லை என்ற பதில் வர வழியில்லை.

ரிவ்யூ மீட்டிங் எண்ணிக்கை கேட்கும் இடம். அங்கே மனசைத் திறக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து பேர் தனியாக உட்காருங்கள். டீக்கடையில் வேண்டாம், காது இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு கேஸ் மட்டும். பெயர், ஊர் வேண்டாம். கேட்பவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. எங்கள் குழுவில் இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சமூகப் பணி படித்தவர்களுக்கு அறிவுரை சொல்லாமல் இருக்க வராது.

ஏதாவது பெரிய சம்பவம் நடந்த உடனே எல்லாரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, பார்த்ததை எல்லாம் கொட்டச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரே அமர்வில் இப்படிப் பேச வைப்பது பின்னால் வரும் நோயைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் யாரையும் பேசக் கட்டாயப்படுத்தாதே என்கிறது. சாப்பாடு, தூக்கம், வீட்டுக்குப் போக வண்டி, பேச வேண்டும் என்றால் ஒரு ஆள். அன்றைக்கு அது போதும். பயிற்சி வேண்டும் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸில் 2020-இல் தொடங்கிய 'சம்வாத்' குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்கென்றே வகுப்புகள் நடத்துகிறது, அலுவலகம் வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

டாக்டரிடம் எப்போது?

படங்கள் கண்ணில் வந்துகொண்டே இருப்பதும் தூக்கம் கெடுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் போங்கள். தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தால், குழந்தையின் மேல் கை ஓங்கத் தோன்றினால், செத்துப்போனால் தேவலை என்று தோன்றினால், ஒரு மாதமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே. 14416 டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். நாம் குழந்தைகளைக் கூட்டிப்போகும் அதே டாக்டர், அதே வரிசை என்பதால் கூச்சமாக இருக்கலாம். பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், நானும் அப்படித்தான் போனேன். கேட்டதாலும் பார்த்ததாலும் வந்த அதிர்ச்சிக்கென்றே பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன. "தூக்கம் வரல, மாத்திரை குடுங்க" என்று மட்டும் கேட்டு எழுந்து வராமல் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றினால் விடுங்கள். நல்ல பணியாளர்கள் பலர் விட்டிருக்கிறார்கள், ஒருவர் இப்போது அரசுப் பள்ளி ஆசிரியை, பிரமாதமாக இருக்கிறார். விடும்போது குழந்தைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நம்மிடம் வந்த குழந்தைகளை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள். ஃபைலை ஒப்படைக்கும்போது அடுத்து வருபவருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் நாலு வரி எழுதி வையுங்கள்: அடுத்த நலக் குழு தேதி, வீட்டில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது, அதற்கு என்ன பிடிக்கும்.